மூன்றாவது பீரியடில் மழை

இனிமேல் கத்திப் பிரயோசனமில்லை. வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை, தகரக் கூரைமேல் யாரோ லாரி லாரியாகச் சரளைக்கல்லைக் கொண்டுவந்து கொட்டுகிற மாதிரி மழை. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். போர்டில் 'ஒலி பரவுவதற்கு ஊடகம் தே' வரைக்கும் எழுதியிருக்கிறேன், மிச்ச எழுத்தை எழுத வேண்டும், திரும்பி எழுதினால் பிள்ளைகளுக்கு முதுகு காட்ட வேண்டும், முதுகு காட்டாதே என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள், சொன்ன மனுஷர் இதோ கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், சபாபதி சார், கோயம்புத்தூரிலிருந்து ஜீப்பில் என் கடைசி வகுப்பைப் பார்த்து மார்க் போட வந்தவர். இந்தப் பூவங்கொல்லிப் பள்ளிக்கு வந்த முதல் நாளே தலைமையாசிரியை ஷைலஜா டீச்சர் சொல்லிவிட்டார், "மழ பெய்யும்போ க்ளாஸ் எடுக்கான் பற்றில்ல டீச்சரே, சும்மா இருந்தா மதி." சும்மா இருந்தால் போதும். எப்படிச் சும்மா இருப்பது என்று அவர் சொல்லவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது. யாரைப் பார்ப்பது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரும் என்னைப் பார்க்கிறார்கள், நிற்காத ரயிலைப் பிளாட்பாரத்திலிருந்து பார்க்கிறவர்கள் மாதிரி, கோபமில்லாமல், எதிர்பார்ப்பும் இல்லாமல். முதல் வாரத்திலிருந்தே இந்தப் பார்வைதான். நான்தான் அந்த ரயிலா, ரயிலுக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஆளா, தெரியவில்லை, எப்படியும் நிற்கப்போவதில்லை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். தப்பும் இல்லை. காலையில் சார் ஜீப்பிலிருந்து இறங்கியதும் குடையை விரிக்கும் முன்னாலேயே கேட்டார், "மாரீஸ்வரி, முடிவு பண்ணிட்டியாம்மா? மூணு வருஷம் இங்கயே இருக்கறதுன்னா கையெழுத்துப் போடோணும். இல்லீன்னா இன்னிக்கே கெளம்பிரு, வண்டீல எடமிருக்குது." வண்டியில் இடமிருக்கிறது. பாடம் நடத்தும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது, ஒலி பரவ, வண்டியில் இடமிருக்கிறது, ஊடகம் தேவை, வண்டியில் இடமிருக்கிறது.

சார் குனிந்து சாக்ஸைக் கழற்றுகிறார். அட்டை ஏறியிருக்கும். பள்ளிக்கு ஏறி வருகிற புல்பாதையில் எனக்கும் முதலில் தினம் ஒன்றிரண்டு ஏறும், ரத்தம் வழிவதைப் பார்த்து நான் கத்தியதும் பிள்ளைகள் சிரித்ததும், ஓர் எஸ்டேட் பையன் உப்புப் பொட்டலத்தை நீட்டியதும் நடந்தது, அவன் பெயரை நான் அன்று கேட்கவே இல்லை. இப்போது கத்துவதில்லை. கத்துவதற்கு என்ன, கத்தினால் திரும்பிப் பார்க்க ஆள் இருக்கும்போதுதானே கத்துவோம். அறையில் நிலோஃபர் இருந்தவரைக்கும் நான் நன்றாகக் கத்துவேன். கரப்பான்பூச்சிக்கு, பல்லிக்கு, கரண்ட் போனதற்கு. அவள் வாணியம்பாடிக்காரி, கணக்கு. நான் சாத்தூர்ப் பக்கம், இயற்பியல். மலைப்பள்ளிகளுக்கு அறிவியல், கணக்கு வாத்தியார்களைத் தயார்செய்கிற திட்டம் என்று அரை வருஷம் கோயம்புத்தூரில் ஏசி ஹாலில், அரை வருஷம் இங்கே பள்ளியில். எங்கள் இருவரையும் இதே பள்ளிக்குப் போட்டார்கள், பயிற்சி பெற்ற ஆசிரியைகள் வந்துவிட்டார்கள் என்று ஷைலஜா டீச்சர் அசெம்பிளியில் கைதட்டச் சொன்னார். போன மாதம் நிலோஃபர் போய்விட்டாள். நிச்சயதார்த்தம் என்றாள், போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றாள், பெரிய பையை எடுத்துக்கொண்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கும் எனக்குத் தெரிந்தது தெரியும், இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நின்றோம். "நீயும் வந்துருடீ, இங்க இருந்தா ஊமையாயிடுவே" என்று படியில் நின்று சொன்னாள். அவள் விட்டுப்போன சோப்பு குளியலறை மாடத்தில் இருக்கிறது, மல்லிகை வாசனை, என் சோப்பு தீர்ந்தபோது அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன், அன்று முழுக்க என் கையில் அவள் வாசனை, யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. மறுநாளிலிருந்து அதைத் தொடுவதில்லை. கரைந்துவிட்டால் என்ன செய்வது. சோப்புக்காக இப்படி ஒருத்தி பயப்படுவாளா. வண்டியில் இடமிருக்கிறது.

மின்னல். ஜன்னல் முழுக்க வெள்ளை. இதைத்தான் இன்றைக்குச் சொல்வதாக இருந்தேன், மின்னல் முதலில், இடி பின்னால், ஏன், ஒளி வேகமாக வருகிறது, ஒலி மெதுவாக வருகிறது, நடுவில் உள்ள நேரத்தை எண்ணினால் இடி எவ்வளவு தூரத்தில் என்று கணக்குப் போடலாம். எவ்வளவு நல்ல இடம். மின்னலும் இடியும் பாடப்புத்தகத்திலிருந்து இறங்கி ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கின்றன, வாய்தான் இல்லை. சரி, வாய் இல்லாவிட்டால் கை. ஜன்னலைக் காட்டினேன், கண்ணைக் காட்டினேன், விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிக் காட்டினேன், எண்ணுங்கள், எண்ணுங்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது பெஞ்சில் சஜீஷ் எழுந்து போய் மிகுந்த பொறுப்போடு ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினான். அடுத்தவன் எழுந்து அடுத்த ஜன்னலைச் சாத்தினான். அறை இருட்டிவிட்டது. கரண்ட் காலையிலிருந்தே இல்லை. சாரைப் பார்க்கத் தைரியம் இல்லை, பார்த்தேன், அவர் சாக்ஸ் இல்லாத காலை பெஞ்சுமேல் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார், அல்லது பரிதாபப்பட்டாரோ, இருட்டில் தெரியவில்லை. கோயம்புத்தூரில் இதற்கும் ஒரு வகுப்பு எடுத்தார்கள், மொழி தெரியாத குழந்தைகளிடம் சைகையால் பேசுவது. நாங்கள் மாறிமாறிக் குழந்தைகளாக நடித்தோம். நிலோஃபர் மலைக்குழந்தையாக நடித்தாள், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு, என்ன கேட்டாலும் 'ஆ' என்று, ஹாலே சிரித்தது, நானும் சிரித்தேன். இங்கே ஒரு பிள்ளையும் அப்படி இல்லை. இவர்கள் தலையைத் தொங்கப்போடுவதில்லை, நேராகப் பார்க்கிறார்கள். தொங்கப்போட்டிருந்தால் எனக்குப் பழக்கமாக இருந்திருக்கும்.

இடி. பெஞ்சுக்காலெல்லாம் அதிர்ந்தது. அப்பா இப்போது என்ன செய்துகொண்டிருப்பார். அப்பாவுக்கு இடி கேட்காது. தரையில் காலை வைத்திருந்தால் தெரியும், 'இடிக்கோ' என்று கேட்பார், எப்படித் தெரியும் என்றால் 'பாதத்துல வந்துச்சுல்லா' என்பார். வெடித்தொழிற்சாலையில் மருந்து அறை வெடித்ததில் உயிர் தப்பியவர்களில் அவர் ஒருவர், உயிரைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது என்று அம்மா சொல்வாள். நான் அப்போது ஆறாம் வகுப்பு. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எல்லோருமே சத்தமாகத்தான் பேசுவோம், அவருக்குச் சத்தம் போட்டும் கேட்காது, ஆனாலும் பழகிவிட்டது, என்னுடைய குரல் இவ்வளவு பெரிதானதற்கு அதுதான் காரணம், பயிற்சியில் என் குரலை மட்டும் சார் பாராட்டினார், 'நல்ல குரல் வளம்மா உனக்கு.' அந்தக் குரல் வளம் இதோ தகரத்துக்குக் கீழே செத்துக் கிடக்கிறது. அப்பா என் உதட்டைப் பார்த்து எல்லாம் புரிந்துகொள்வார். வேறு யார் உதடும் அவருக்குப் புரியாது, அம்மாவுடையதுகூடப் பாதிதான். நான் பரீட்சைக்குப் படிக்கும்போது எதிரில் உட்கார்ந்துகொள்வார், நான் அவருக்குப் பாடம் சொல்வேன், அலைநீளம், அதிர்வெண், அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு தலையாட்டுவார், என்ன புரிந்ததோ. இங்கே வந்ததிலிருந்து அவரோடு பேசவே இல்லை. போன் அவருக்கு எதற்கு. வீடியோ போட இங்கே டவர் இல்லை, பஸ் ஸ்டாப்புக்கு மேலே பாறைமேல் ஏறி நின்றால் பேச்சு மட்டும் வரும். அம்மா போனை அவரிடம் கொடுப்பாள், அவர் வாங்கி, யாரும் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாத ஓர் இருட்டுக்குள் பேசுகிறவரைப் போல, "யாத்தா, நல்லாருக்கியா. இங்கன மழ தண்ணி இல்ல. நீ வேளாவேளைக்குச் சாப்புடு. சரி, வைக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் பாறைமேல் நின்று 'அப்பா, அப்பா' என்பேன். கீழே டீத்தோட்டத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்புறம் அம்மா, "கேட்டுட்டியாத்தா? இங்கன வந்துரு தாயி. மாமா அந்த மெட்ரிக் ஸ்கூல்ல சொல்லி வச்சிருக்காக. வீட்டுல இருந்தே நடந்து போயிறலாம். அங்கன யாரு இருக்கா ஒனக்கு?" யார் இருக்கிறார்கள். ஒருவரும் இல்லை அம்மா. நான் அப்படிச் சொல்வதில்லை. நல்லாருக்கேன் என்பேன்.

ஒரு சாயங்காலம் அறையில் உட்கார்ந்து ஓம் விதியைச் சத்தமாகச் சொன்னேன். யாருக்கும் இல்லை, குரல் இருக்கிறதா என்று பார்க்க. பாதியில் நிறுத்திவிட்டேன், என் பேச்சு என் பேச்சாக இல்லை. 'இங்கன' என்று வரவில்லை, 'வைக்கேன்' வரவில்லை, முதல் வாரம் நான் 'ஏட்டி, இங்கன வா' என்றதற்கு வகுப்பே கூடிச் சிரித்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அதையெல்லாம் உள்ளே மடித்து வைத்துவிட்டேன், பாடப்புத்தகத் தமிழில் பேசுகிறேன், அது யாருடைய பேச்சும் இல்லை, அவர்களுடையதும் இல்லை. இந்த வகுப்பில் எத்தனை பேச்சு. எஸ்டேட் லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகளின் தாத்தாக்கள் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள், அவர்கள் தமிழ் ஒரு மாதிரி. சஜீஷ் வீட்டில் மலையாளம். காட்டோரப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வருகிற பணியர் பிள்ளைகளுக்கும் காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பேச்சு. போன வருஷம் ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பத்தின் பெண் சுக்மதி, அவள் பேசுவது இங்கே வேறு யாருக்கும் தெரியாது. நான் தனியாக இருக்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் சுக்மதி ஞாபகம் வரும், உடனே வெட்கமாக இருக்கும், ஆனால் வெட்கப்பட்டதனால் தனிமை குறைந்ததா என்றால் இல்லை, அது பாட்டுக்கு இருக்கிறது. குழந்தையின் வீட்டிலிருந்து பாடத்தைத் தொடங்கு என்று சபாபதி சார் சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டியிருந்தார். செய்து பார்த்தேனே. ஒலி பாடம் ஆரம்பித்த அன்று, காலையில் உங்கள் வீட்டில் முதலில் என்ன சத்தம் கேட்கும் என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதுவும் சார் சொன்னதுதான், கேள்வி கேட்ட வாத்தியார் பதிலுக்குப் பொறுத்திருக்க வேண்டும், பெரும்பாலானவர்கள் பொறுப்பதே இல்லை. பொறுத்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டது கேட்டதா, புரியவில்லையா, புரிந்தும் சொல்ல மனசில்லையா, நான் எதற்கு இங்கே நிற்கிறேன், மூக்கு வியர்த்தது. அப்புறம் ஓர் எஸ்டேட் பையன், அந்த உப்புப் பொட்டலக்காரன், தனுஷ்கோடி என்று பெயர், இப்போது தெரியும், "பேக்டரி சங்கு டீச்சர்" என்றான். சஜீஷ், "ரப்பர் வெட்டான் அச்சன் போகும்போ டோர் அடைக்கும்" என்றான், அப்பா ரப்பர் வெட்டப் போகும்போது கதவு சாத்துகிற சத்தம். வேறொருத்தி, "யானெ" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. தனுஷ்கோடி திரும்பிக் கேட்டான், "டீச்சர் வீட்ல?" நான் யோசிக்காமல் வெடிச்சத்தம் என்றேன், சோதனைக்கு வெடித்துப் பார்ப்பார்கள், அதுதான் எங்கள் ஊர்க் காலை. ஒருவரும் நம்பவில்லை. தினமும் தீபாவளியா டீச்சர் என்று வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, நானும் சிரித்தேன், அந்த ஒரு பீரியட்தான், மறுநாள் எல்லாம் பழையபடி. அன்று பேசாதவர்கள் இரண்டு பேர். சுக்மதி. அப்புறம் அவள் பக்கத்தில் உட்கார்கிற அம்மிணி, பணியர் குடியிருப்புப் பெண், வாரத்தில் பாதி நாள் வரமாட்டாள். ஏன் என்று போய்க் கேட்கட்டுமா என்று ஷைலஜா டீச்சரிடம் கேட்டேன். "வேண்டா டீச்சரே. அவளு வரும், போவும். நம்ம சென்னு சோதிச்சா பின்னெ வரவே வராது" என்றார், போய்க் கேட்டால் பிறகு வரவே மாட்டாளாம். அவர் இந்த மலையில் இருபது வருஷமாக இருக்கிறவர். நான் கேட்கவில்லை. கேட்காமலே இருந்துவிட்டுப் போகப்போகிறேன். பன்னிரண்டு மணிக்கு ஜீப்.

மழை இன்னும் ஏறுகிறது. ஏறுவதற்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று நினைக்கும்போதே ஏறுகிறது. இருட்டுக்குக் கண் பழகிவிட்டது, இப்போது முகங்கள் தெரிகின்றன. இரண்டாவது பெஞ்சில் இரண்டு தலைகள் இல்லை. இல்லை, இருக்கின்றன, டெஸ்க்மேல் கவிழ்ந்திருக்கின்றன. சுக்மதி ஒரு முனையில், அம்மிணி மறுமுனையில், கன்னத்தை மரத்தில் வைத்துத் தூங்குகிறார்கள்.  என் கடைசி வகுப்பு. மார்க் போட வந்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் வரிசைக்கு அடுத்த வரிசையிலேயே தூக்கம். சரி, தூங்கட்டும், என்ன பாடம் நடந்தது விழித்திருக்க, நான் மட்டும் என்ன, நின்றுகொண்டே வேறெங்கோதான் இருந்தேன். ஆனாலும் போய் எழுப்பத்தான் வேண்டும், ஏதாவது செய்கிற மாதிரி இருக்க வேண்டும். மேடையிலிருந்து இறங்கினேன். இரண்டே எட்டுதான், நடக்க நடக்க தூரமாக இருந்தது, எல்லாக் கண்களும் கூடவே வந்தன. சுக்மதியின் தோளைத் தொடக் குனிந்தபோது பார்த்தேன், அவள் கண் திறந்திருந்தது. நன்றாகத் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை, எங்கேயோ உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது, உதட்டில் சிரிப்பு. அப்பா என் வாயைப் பார்ப்பது போன்ற ஒரு கவனம். என் கை பட்டதும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மறுமுனையில் அம்மிணி சட்டென்று கையை இழுத்து மடியில் ஒளித்துக்கொண்டாள். அடிப்பேன் என்று நினைத்தார்கள். அந்த இரண்டு முகத்திலும் அது அப்படியே எழுதியிருந்தது, இத்தனை மாதம் கையோங்காத என்னைப் பார்த்து. நான் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன், கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. கையை விரித்துக் காட்டினேன், என்ன? சுக்மதி அம்மிணியைப் பார்த்தாள். அம்மிணி ஜன்னலைப் பார்த்தாள்.  அப்புறம் சுக்மதி, இதற்குமேல் மறைத்து என்ன என்பது போல, மெதுவாகக் காதை மறுபடி டெஸ்க்மேல் வைத்தாள். வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் என்னை மேலே பார்த்தாள். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

உட்கார்ந்தேன். மாணவர்கள் பெஞ்சில் நான் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது, முழங்கால் டெஸ்க்கில் இடித்தது. சேலைத்தலைப்பை ஒதுக்கிக்கொண்டு காதை மரத்தில் வைத்தேன். ஈரம், பழைய மரத்தின் புளித்த வாசனை, யாரோ காம்பஸால் கீறிய பெயரின் விளிம்பு கன்னத்தில் குத்தியது. மற்றக் காதைக் கையால் மூடிக்கொள் என்று சுக்மதி காட்டினாள். மூடினேன். மழை போய்விட்டது. போய்விட்டது என்றால் போகவில்லை, எங்கோ பக்கத்து மலைக்கு நகர்ந்த மாதிரி, தணிந்து, ஓர் இரைச்சலாக. அப்புறம் உள்ளே, மரத்துக்குள்ளே, இல்லை, என் தலைக்குள்ளேயே, ஒரு கீறல். சர்ர்க். மிகப் பக்கத்தில். காதுக்குள் யாரோ நகத்தை வைத்து எழுதுகிற மாதிரி. முதுகு சிலிர்த்துவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன், டெஸ்க்கின் மறுமுனையில் அம்மிணியின் சுட்டுவிரல், நகம் மட்டும், மரத்தைத் தொட்டும் தொடாமலும். மறுபடி ஒரு கீறல், அப்புறம் இரண்டு தட்டு. நிறுத்தினாள். காத்திருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பொறுத்திருக்கிறாள் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது. எனக்கு அந்தப் பேச்சு தெரியாதே. என்ன பதில் என்று தெரியாதே. தப்பாகிவிடுமோ என்று பயமாக இருந்தது, ஒரு டெஸ்க்கில் நகத்தால் தட்டுவதற்குப் பயந்தேன். தட்டினேன். ஒரே ஒரு தட்டு. அம்மிணியும் சுக்மதியும் என் தலைக்குமேல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். என்ன சொல்லிவிட்டேனோ. எதுவோ அசட்டுத்தனமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு பேச்சும் பொதுவில் இல்லாத இரண்டு பெண்கள், மழை பெய்கிற நாளெல்லாம், நான் போர்டு முன்னால் சும்மா நின்ற நாளெல்லாம், இந்த மரத்துக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். திடப்பொருளில் ஒலி காற்றைவிட வேகமாகப் பரவும், பக்கத்தின் கீழ்ப்பகுதியில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும், நானே அடிக்கோடு போடச் சொல்லியிருக்கிறேன், சாத்தூரில் படிக்கும்போது மனப்பாடம் செய்து அப்பாவுக்கு ஒப்பித்திருக்கிறேன். காதை வைத்துப் பார்த்ததில்லை.

நிமிர்ந்தபோது தனுஷ்கோடி தன் டெஸ்க்கில் கவிழ்ந்திருந்தான். சஜீஷ் கவிழ்ந்தான். பின்னால் ஒவ்வொன்றாகத் தலைகள் இறங்கின, விரல்கள் தட்டின, ஒருவன் ஸ்கேலால், ஒருத்தி பேனா மூடியால், சண்டை, முறை வைத்தல், தள்ளுதல், எல்லாம் சத்தமே இல்லாமல், மழைக்கு அடியில். சார் பதறி எழுந்துவிட்டார். வகுப்பு முழுக்கப் படுத்துவிட்டது அல்லவா. ஒற்றைக்காலில் சாக்ஸோடு என்னிடம் வந்து வாயை அசைத்தார், நான் காதைக் காட்டித் தலையாட்டினேன், அவர் இன்னும் பெரிதாக வாயை அசைத்தார். அப்போதுதான் மழை குறைந்தது. மலைமழை அப்படித்தான், யாரோ பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு நிமிர்த்திய மாதிரி. அவர் கத்திய கத்தலின் கடைசிப் பகுதி அறை முழுக்கக் கேட்டது.

"...எல்லாரும் படுத்துட்டாங்களேம்மா!"

தனுஷ்கோடி தலையைத் தூக்காமலே சொன்னான், "படுக்கல சார். கேக்குறோம்."

சார் நின்றார்.  நான் சட்டென்று, யோசித்தால் வராது என்று பயந்து, கேட்டேன், "ஏட்டி, ஏலே, இங்கன பாருங்க. அவ்வளவு மழையிலயும் மரத்துக்குள்ள கேட்டுச்சுல்லா? காத்துல நான் கத்துனது ஏன் கேக்கல?" என் ஊர்ப் பேச்சில் வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் பதிலும் சொல்லவில்லை. பொறுத்தேன். தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அம்மிணி குனிந்து சுக்மதியிடம் தன்னுடைய பேச்சில் ஏதோ முணுமுணுத்தாள், சுக்மதிக்கு அது புரிந்திருக்காது, ஆனால் ஆமாம் என்று தலையாட்டினாள், கையால் டெஸ்க்கை அழுத்திக் காட்டினாள். சரியான பதிலாகக்கூட இருக்கலாம். எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு என் எதிரிலேயே பதில் போய்ச் சேர்ந்துவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை, நெஞ்சுக்குள் அந்தப் பழைய வலி வந்து உட்கார்ந்துகொண்டது, ஆனால் இப்போது அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. என்ன சொன்னாள் என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்கிற ஆசை. பசி மாதிரி. மணி அடித்துவிட்டார்கள்.

வராந்தாவில் சார் சாக்ஸைப் பிழிந்தார். "இதுக்கு நான் என்னன்னு மார்க் போடறது? பாடமே நடக்கலியே" என்றார், கேலியாகவும் இல்லை, பாராட்டாகவும் இல்லை, நிஜமாகவே குழம்பியிருந்தார். அப்புறம், "சரி உடு. பையெல்லாம் கட்டிட்டியா? பன்னெண்டுக்குக் கெளம்பினாத்தான் இருட்டறதுக்குள்ள எறங்க முடியும்."

"நாலாவது பீரியட் இருக்கு சார். ஏழாம் வகுப்பு. நிலோஃபரோட கணக்கு, நான்தான் பாத்துக்கிடுதேன்."

"அது முடிஞ்சதும்?"

"அது முடிஞ்சா சாப்பாடு சார். பெறகு அஞ்சாவது பீரியட்."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் மலையைப் பார்த்தார், மேகம் தோட்டத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "தனியா இருப்பியேம்மா" என்றார், மெதுவாக, வாத்தியார் குரலில் இல்லாமல். ஆமாம் சார் என்றேன்.  கையெழுத்துப் போட வேண்டிய தாளை ஷைலஜா டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். "அப்ப நான் வர்றேம்மா" என்று குடையை எடுத்துக்கொண்டு புல்பாதையில் இறங்கினார். ஜீப் கிளம்பும் சத்தம், கியர் மாற்றும் சத்தம், முதல் வளைவு, இரண்டாவது வளைவு, பிறகு இன்னும் கேட்கிறதா கேட்கிற மாதிரி இருக்கிறதா என்று தெரியாத ஒரு சத்தம், அதுவும் போன பிறகு வராந்தா எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. கூப்பிட்டால் திரும்புகிற தூரத்தில் இனி ஒருவரும் இல்லை. சாயங்காலம் அந்த அறை இருக்கிறது, மாடத்தில் மல்லிகைச் சோப்பு இருக்கிறது, பாறைமேல் ஏறி அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டும், அம்மா அழுவாள், அப்பாவிடம் போனைக் கொடுப்பாள். மூன்று வருஷம். ஏழாம் வகுப்பு வாசலில் ரெட்டைச்சடைப் பெண் ஒருத்தி பாதி உடம்பை வெளியே நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் போறீங்களா, வாறீங்களா?"

"வாறேன்" என்றேன்.